தள்ளுவதற்கு ஒரு கணக்கு, கால் சொல்வதற்கு வேறு கணக்கு

போக்கர் டோர்னமென்ட்டில் மொத்த சிப்ஸையும் நடுவில் தள்ளி "ஆல்-இன்" என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நமக்கு வேலை ஒன்றும் மிச்சம் இருக்காது. ஐந்து பொதுச் சீட்டும் விழும் வரை பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். யோசிக்க வேண்டியதை எல்லாம் தள்ளுவதற்கு முந்தின அரை நிமிஷத்தில் யோசித்து முடிக்கணும். அந்தக் கணக்கு எட்டாங்கிளாஸைத் தாண்டாதுங்க. கூட்டல், பெருக்கல், கடைசியில் ஒரு வகுத்தல்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ரம்மியில் ஊறினவர்கள் டெக்ஸஸ் ஹோல்டெமுக்கு (ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு என்று ஆடும் போக்கர்) வரும்போது, சீட்டை ஞாபகம் வைப்பதிலோ எதிராளியின் போக்கைப் பிடிப்பதிலோ குறை வைப்பதில்லை. இடறுகிற இடம் ஒன்றுதான். தான் முதலில் தள்ளுவதற்கும், இன்னொருத்தர் தள்ளியதற்குக் கால் (call, நாமும் அதே அளவு சிப்ஸ் போட்டு மோதுவது) சொல்வதற்கும் ஒரே அளவுகோலை வைத்துக்கொள்கிறார்கள். "எட்டு ஜோடி (கையில் இரண்டு எட்டு) வந்தாச்சு, போயிரலாம்" என்பது தள்ளும்போது சரியாக இருக்கும். அதே எட்டு ஜோடி, கால் சொல்லும்போது பெரிய தப்பாகிவிடலாம்.

ஒன்றை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்கிறது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பாகுபாடெல்லாம் அதில் கிடையாது. காசு கட்டி ஆடுகிறவர்களுக்காக இதை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காசில்லாமல், சிப்ஸும் புள்ளியும் மட்டும் வைத்து ஆடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். கணக்கின் அழகுக்குக் காசு தேவையில்லை.

முதலில் கால் சொல்லும் கணக்கு, அதுதான் சுலபம். பட்டன் என்பது சீட்டுப் போடுகிறவரின் இடம். அதற்கு அடுத்த இருவர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகப் போடுவது ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட். ஆன்டி அதற்கு மேல் போடும் இன்னொரு கட்டாயத் தொகை. பிளைண்ட் 500/1000, பிக் பிளைண்டில் இருப்பவர் எல்லாருக்குமாக 1000 ஆன்டி போடுகிறார் என்று வெச்சுக்கங்க. நீங்கள் பிக் பிளைண்ட். பட்டனில் இருப்பவர் 10,000 சிப்ஸை ஆல்-இன் தள்ளுகிறார், ஸ்மால் பிளைண்ட் மடித்துவிட்டார் (அந்தக் கையிலிருந்து விலகிவிட்டார்). நடுவில் என்ன கிடக்கிறது? அவருடைய 10,000, ஸ்மால் பிளைண்டின் 500, உங்கள் பிளைண்ட் 1000, ஆன்டி 1000. மொத்தம் 12,500. நீங்கள் இன்னும் போட வேண்டியது 9,000. போட்டால் பாட் (நடுவில் சேர்ந்த மொத்தம்) 21,500 ஆகும். 9,000-ஐ 21,500-ஆல் வகுத்தால் 41.9 சதவீதம். நூறு தடவையில் 42 தடவை ஜெயிக்கிற கை இருந்தால் கால் சொல்லலாம், இல்லாவிட்டால் மடிக்கணும்.

இங்கே அடிக்கடி நடக்கிற தப்பு இரண்டு. ஏற்கெனவே போட்ட பிளைண்டை இன்னும் தன்னுடையதாகவே நினைத்து, "பத்தாயிரம் போகுதே" என்று கணக்குப் போடுவது ஒன்று. நடுவில் விழுந்தது விழுந்ததுதான், அது இப்போது பாட்டுக்குச் சொந்தம். இரண்டாவது, சிறிய அடுக்கை (ஒருவரிடம் இருக்கும் சிப்ஸ்தான் அவர் அடுக்கு) மறப்பது. பிளைண்டும் ஆன்டியும் போட்ட பிறகு உங்களிடம் 6,000 தான் மிச்சம் என்றால், அவர் தள்ளிய 10,000-இல் 7,000 மட்டுமே உங்களோடு மோதும். அப்போது பாட் 9,500, போட வேண்டியது 6,000, தேவை 38.7 சதவீதம். யாரிடம் சிப்ஸ் கம்மியோ அவருடைய எண்ணை வைத்துத்தான் எந்தக் கணக்கும் ஓடும்.

அடுத்து, நம் கை எத்தனை சதவீதம் ஜெயிக்கும்? மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டியது ரொம்பக் கொஞ்சம். பெரிய ஜோடி, சின்ன ஜோடியை ஏறக்குறைய 81க்கு 19 என்று ஜெயிக்கும். ஜோடிக்கும் அதைவிடப் பெரிய இரண்டு சீட்டுக்கும் 55க்கு 45 போல வரும். ஏஸ்-கிங் வேறு வேறு சூட்டில் (ஹார்ட், ஸ்பேட் மாதிரி இனம்) இருந்தால் குயின் ஜோடியிடம் 43 சதவீதம். ஏஸ்-கிங், ஏஸ்-குயின் மாதிரி ஒரு சீட்டு பொதுவாக இருந்தால் மேல்கை 74 சதவீதம் போல. இவ்வளவு போதும்.

ஆனால் எதிராளியின் கையில் இன்ன சீட்டுதான் என்று ஒரே ஒரு கையை மனசில் நிறுத்திக்கொள்வது ஆபத்து. "அவன்கிட்ட ஏஸ்-கிங்தான் இருக்கும்" என்று முடிவு கட்டிவிட்டால் மிச்சக் கணக்கெல்லாம் வீண். அவர் எந்தெந்தக் கையோடெல்லாம் தள்ளுவார் என்று ஒரு கூட்டமாகப் பார்க்கணும். இரண்டு சீட்டுச் சேர்க்கை மொத்தம் 1326. ஒவ்வொரு ஜோடிக்கும் 6 விதம், ஒரே சூட்டில் வரும் கைக்கு 4 விதம், வேறு சூட்டில் 12 விதம். இந்த மூன்று எண்ணும் விரல்நுனியில் இருந்தால் எதையும் எண்ணிவிடலாம்.

எண்ணிப் பார்ப்போம். தள்ளியவர் எந்த ஜோடியோடும், ஏஸ்-பத்து முதல் ஏஸ்-கிங் வரையான ஏஸோடும், கிங்-குயினோடும் தள்ளுவார் என்று கணிக்கிறீர்கள். ஜோடி 78, ஏஸ் வகை 64, கிங்-குயின் 16. மொத்தம் 158, அதாவது 12 சதவீதக் கை. உங்கள் கையில் எட்டு ஜோடி. உங்கள் இரண்டு எட்டு வெளியே இருப்பதால் அவருடைய எட்டு ஜோடி 6-லிருந்து 1 ஆகக் குறைகிறது, மிச்சம் 153. ஒன்பது முதல் ஏஸ் வரை ஜோடிகள் 36 விதம், அங்கே உங்களுக்கு 19 சதவீதம். இரண்டு முதல் ஏழு வரை 36 விதம், அங்கே 81. சமமான எட்டு ஜோடி ஒன்று, 50. மிச்சம் 80 விதத்தில் 54 போல. 36 × 19 = 684, 36 × 81 = 2,916, அப்புறம் 50, கடைசியாக 80 × 54 = 4,320. கூட்டினால் 7,970. அதை 153-ஆல் வகுத்தால் 52 சதவீதம். தேவை 42 தான், ஆகவே கால். இந்த 52-ஐ நினைவில் வெச்சுக்கங்க, கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும்.

இதே எண்ணும் முறைதான், கையில் ஒரு ஏஸ் இருப்பது தள்ளுவதற்கு ஏன் நல்லது என்பதையும் சொல்கிறது. உங்களிடம் ஒரு ஏஸ் இருந்தால் எதிராளிக்கு ஏஸ் ஜோடி வரும் வழி 6-லிருந்து 3 ஆகும், ஏஸ்-கிங் 16-லிருந்து 12 ஆகும். உங்களுக்குக் கால் சொல்ல அவருக்குக் கிடைக்கிற கைகளே குறைகின்றன.

இனி தள்ளும் கணக்கு. இங்கே ஜெயிக்க இரண்டு வழி உண்டு. எல்லாரும் மடித்தால் சண்டையே இல்லாமல் பாட் கிடைக்கும். யாராவது கால் சொன்னாலும் சீட்டு நமக்கு விழலாம். கால் சொல்கிறவருக்கு முதல் வழி கிடையாது. இரண்டு கணக்கும் பிரிவது இந்த இடத்தில்தான்.

அதே மேசை, நீங்கள் பட்டனில் 10,000 சிப்ஸோடு. நடுவில் 2,500. பின்னால் இரண்டு பேர், ஒவ்வொருவரும் 15 சதவீதக் கையோடுதான் கால் சொல்வார்கள். இருவரும் மடிக்கும் வாய்ப்பு 0.85 × 0.85, அதாவது 72 சதவீதம். கால் வந்தால் உங்கள் கை 35 சதவீதம் மட்டுமே ஜெயிக்கும் என்று மோசமாகவே வைப்போம். அப்போது 21,500-இல் 35 சதவீதம் 7,525, போட்டது 10,000, சராசரி நஷ்டம் 2,475. இப்போது சேர்த்துப் பாருங்க: 0.7225 × 2,500 = 1,806 வரவு, 0.2775 × 2,475 = 687 செலவு. நிகரம் 1,119 லாபம். மடிப்பதைவிட ஒரு பிக் பிளைண்டுக்கும் எச்சாகக் கிடைக்கிறது, அதுவும் கால் வந்தால் மூன்றில் இரண்டு தடவை தோற்கிற கையை வைத்துக்கொண்டு. (இருவரும் சேர்ந்து கால் சொல்வதை இதில் விட்டிருக்கிறேன், அது 2 சதவீதம்தான்.)

எதிரில் இருப்பவர்கள் தாராளமாகக் கால் சொல்கிறவர்கள், ஆளுக்கு 30 சதவீதம் என்றால்? மடிக்கும் வாய்ப்பு 49 ஆக இறங்கும். ஆனால் அவர்கள் சொத்தைக் கையோடும் வருவதால் உங்கள் 35 சதவீதம் 40 போல ஏறும். 1,225 வரவு, 714 செலவு. அப்போதும் 511 லாபம்.

சமநிலைக்கு எத்தனை சதவீதம் மடிக்கணும் என்று திருப்பிக் கேட்டால் இன்னும் தெளிவாகும். கால் வந்தால் நிச்சயம் தோற்கும் என்ற வெற்றுக் கையாக இருந்தால் 80 சதவீதம் மடிக்கணும். 35 சதவீதம் ஜெயிக்கிற கை என்றால் 49.7 போதும். அந்த 35 சதவீதம் செய்கிற வேலை அவ்வளவு. அடுக்கின் அளவும் பேசும். 20,000 சிப்ஸோடு அதே கையைத் தள்ளினால் 69 சதவீதம் மடிக்கணும். 5,000 என்றால் 28 போதும். ஆன்டி இல்லாத மேசையில் நடுவில் 1,500 தான் கிடக்கும், அப்போது 10,000-த்துக்கு 49.7 என்பது 65 ஆகிவிடும். ஆன்டி தொடங்கின சுற்றிலிருந்து ஆட்டத்தை மாற்றாதவர்கள் நிறையக் கோட்டை விடுகிறார்கள்.

பிளைண்டையும் ஆன்டியையும் கூட்டி, உங்கள் சிப்ஸை அதால் வகுத்தால் வருவதை எம் என்பார்கள். பால் மக்ரியேல் என்ற ஆட்டக்காரரின் பெயரால் வந்த எழுத்து. 10,000-ஐ 2,500-ஆல் வகுத்தால் 4. மேசையை நாலு சுற்றுச் சுற்றினால் கையைத் தொடாமலே காலியாவோம் என்று அர்த்தம். எம் 5-க்குக் கீழே போனால் தள்ளு அல்லது மடி, இரண்டே வழி. மூன்றாவதாக, 3,000-த்துக்கு ரெய்ஸ் (தொகையை ஏற்றுவது) பண்ணிவிட்டு, எதிராளி ஆல்-இன் தள்ளினால் மடிப்பது என்பது சிப்ஸைத் தெருவில் கொட்டுவதற்குச் சமம்.

அதே நேரம் ரொம்பத் தாமதிக்கவும் கூடாது. 2,000 சிப்ஸ் ஆகும் வரை நல்ல கைக்குக் காத்திருந்து தள்ளினால், பிக் பிளைண்டுக்காரர் 1,000 போட்டு 5,500-க்கு ஆடுவார். அவருக்குத் தேவை 18 சதவீதம். இருவர் மட்டும் மோதும்போது மிக மோசமான கையான வேறு சூட் மூன்று-இரண்டுக்குக்கூட, எந்தச் சீட்டு என்று தெரியாத ஒரு கைக்கு எதிராக 32 சதவீதம் உண்டு. அவர் மடிக்க மாட்டார், மடிக்கவும் கூடாது. உங்களுடைய முதல் வழி அங்கே செத்துப்போகிறது. பொறுமை என்று நினைத்துச் செய்த காரியம், பாதி ஆயுதத்தைக் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறது.

இதுவரை சொன்னது எல்லாம் சிப்ஸ் கணக்கு. டோர்னமென்ட்டில் பரிசு கிடைப்பது சிப்ஸுக்கு இல்லை, இடத்துக்கு. சோமனூர், பல்லடம் பக்கம் நாலு தறி ஓட்டுகிறவரிடம் கேட்டுப் பாருங்க. நாலு எட்டானால் வருமானம் கூடும், ஆனால் குடும்பத்தின் நிலைமை இரண்டு மடங்காகிவிடாது. நாலும் போனால் ஷெட்டையே பூட்டணும். டோர்னமென்ட் சிப்ஸ் அப்படித்தான்: வரும் சிப்ஸைவிடப் போகும் சிப்ஸுக்கு மதிப்பு எச்சு.

எவ்வளவு எச்சு என்பதற்கு ஒரு முறை உண்டு. குதிரைப் பந்தயத்தில் யார் எந்த இடம் வருவார் என்று கணிக்க 1973-இல் டேவிட் ஹார்வில் தந்த வழியை, 1987-இல் மேசன் மால்மத் போக்கருக்குப் பொருத்தினார். ஐசிஎம் (ICM, சிப்ஸைப் பரிசு மதிப்பாக மாற்றும் கணக்கு) என்று சொல்வது இதைத்தான். முதலிடம் வரும் வாய்ப்பு = உங்கள் சிப்ஸ் ÷ மொத்த சிப்ஸ். இரண்டாமிடத்துக்கு, மற்ற ஒவ்வொருவரும் ஜெயித்ததாக வைத்து, அவர் சிப்ஸை எடுத்துவிட்டு, மிச்சத்தில் உங்கள் பங்கைப் பார்க்கணும். மூன்றாமிடத்துக்கும் அதே வழி.

நாலு பேர் மிச்சம், மூன்று பேருக்குத்தான் பரிசு: 50, 30, 20 புள்ளி. ஆளுக்கு 2,500 சிப்ஸ். எல்லாரும் சமம், ஆகவே உங்கள் மதிப்பு 25 புள்ளி. ஒருவரோடு ஆல்-இன் மோதி ஜெயித்தால் உங்களிடம் 5,000, மற்ற இருவரிடம் 2,500. முதலிடம் 50 சதவீதம். இரண்டாமிடம்: மற்றவர் ஜெயிக்கும் 0.25 × (5,000 ÷ 7,500), இருவருக்குமாக இரண்டு தடவை, 33.3 சதவீதம். மூன்றாமிடம் 16.7. புள்ளியாக்கினால் 25 + 10 + 3.33 = 38.33. சிப்ஸ் இரண்டு மடங்கானது, மதிப்போ 25-லிருந்து 38-க்குத்தான் போனது. தோற்றால் பூஜ்யம். 25 ÷ 38.33 = 65.2 சதவீதம். சிப்ஸ் கணக்கில் 50 போதும் என்ற மோதலுக்கு இங்கே 65 வேண்டும். பாட்டில் கிடக்கும் பிளைண்டைச் சேர்த்தால் கொஞ்சம் இறங்கும், ஆனால் மேலே பார்த்த எட்டு ஜோடியின் 52 பக்கத்தில்கூட வராது. அங்கே யோசிக்காமல் கால், இங்கே யோசிக்காமல் மடிப்பு.

சிப்ஸ் சமமாக இல்லாதபோது இன்னும் கடுமை. அதே பரிசு, நாலு பேரிடம் 4,000, 3,000, 2,500, 500 என்று வைப்போம். நீங்கள் 3,000. உங்கள் மதிப்பு 30.5 புள்ளி. 4,000 வைத்திருப்பவர் தள்ளி, நீங்கள் கால் சொல்லி ஜெயித்தால் 6,000 சிப்ஸ், 40.7 புள்ளி. 30.5-ஐ 40.7-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 75 சதவீதம்! எதிராளி சீட்டைப் பார்க்காமலே தள்ளுகிறார் என்று சத்தியம் செய்தாலும், அப்படிப்பட்ட கைக்கு எதிராக ஒரே சூட் ஏஸ்-கிங்குக்கு 67 சதவீதம்தான். ஒன்பது ஜோடிக்கு 72. பத்து ஜோடிக்குத்தான் 75 எட்டுகிறது.

"ஏனுங் மாப்ளே, ஏஸ்-கிங்கைக் கையில வெச்சுக்கிட்டு மடிக்கிறதா?" என்று பக்கத்திலிருப்பவர் கேட்பார். ஆமாங்க, மடிக்கிறதுதான். காரணம் அந்த 500 சிப்ஸ்காரர். அவர் இன்னும் ஒரு சுற்றில் போய்விடுவார், அவர் போனால் உங்களுக்கு 20 புள்ளி உறுதி. அவருக்கு முன்னால் நீங்கள் எழுந்து போவதற்கான விலைதான் அந்த 75.

இப்போது திருப்பிப் போடுங்க. அதே சிப்ஸ், அதே இருவர், ஆனால் நீங்கள் முதலில் 3,000-ஐத் தள்ளுகிறீர்கள். 4,000 சிப்ஸ்காரரின் இப்போதைய மதிப்பு 34.3. கால் சொல்லி ஜெயித்தால் 43.7, தோற்றால் 1,000 சிப்ஸோடு 19.0. அவருக்குத் தேவை 15.2 ÷ 24.7, அதாவது 62 சதவீதம். அவர் தள்ளினால் உங்கள் தலையில் 75, நீங்கள் தள்ளினால் அவர் தலையில் 62. யார் முதலில் தள்ளுகிறாரோ அவர் பாரத்தை எதிரே ஏற்றிவிடுகிறார். பெரிய அடுக்குக்காரர் அந்த நேரத்தில் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருப்பதற்குக் காரணமும் இதுதான்: நீங்கள் பத்து ஜோடியோ அதற்கு மேலோ இருந்தால்தான் கால் சொல்வீர்கள் என்றால் அது 1326-இல் 30 விதம், 2.3 சதவீதம். மிச்ச நேரமெல்லாம் பிளைண்ட் அவருக்கு இனாம். ஆனால் 500 சிப்ஸ்காரர் மேல் இந்த மிரட்டல் பலிக்காது. அவருக்கு இழக்க அதிகமில்லை.

பரிசு எல்லாருக்கும் ஒரே அளவாக இருக்கும் ஆட்டங்களில், உதாரணமாக முதல் நாலு பேருக்கும் அடுத்த சுற்று அனுமதி என்றால், இது உச்சத்துக்குப் போகும். ஐந்து பேர் மிச்சம், உங்களிடம் இரண்டாவது பெரிய அடுக்கு, மற்ற மூவரிடம் சொற்ப சிப்ஸ், மடித்துக்கொண்டே இருந்தாலும் அனுமதி ஏறக்குறைய உறுதி. அங்கே உங்களைவிட அதிக சிப்ஸ் வைத்திருப்பவரின் ஆல்-இன்னுக்கு எதிராக ஏஸ் ஜோடியையும் மடிப்பதே சரி. ஏஸ் ஜோடி, எந்தச் சீட்டு என்று தெரியாத ஒரு கைக்கு எதிராக 85 சதவீதம், 15 சதவீதம் தோற்கும். ஜெயித்தால் கிடைப்பதோ, ஏற்கெனவே கையில் இருப்பது. நேர் எதிர், முதலிடத்துக்கு மட்டும் பரிசு என்றால் ஐசிஎம் தேவையே இல்லை, சிப்ஸ் கணக்கே போதும்.

மூன்று பொதுச் சீட்டு விழுந்த பிறகு வரும் ஆல்-இன்னுக்குச் சுருக்கமாக: நம்மை ஜெயிக்க வைக்கும் சீட்டுகளை எண்ணி 4-ஆல் பெருக்கணும், ஒரே சீட்டு மிச்சமானால் 2-ஆல். ஃபிளஷுக்கு (ஒரே சூட்டில் ஐந்து சீட்டு) ஒன்று குறைந்தால் 9 சீட்டு, 36 வரும், உண்மை 35. எட்டைத் தாண்டிய ஒவ்வொரு சீட்டுக்கும் 1 கழித்துவிடுங்க. 15 சீட்டு என்றால் 60 இல்லை, 53 (சரியான எண் 54). பாட்டில் 6,000 கிடக்க, எதிராளி 4,000 தள்ளினால் தேவை 28.6, ஃபிளஷ் தேடலுக்குக் கால். ஆனால் 4-ஆல் பெருக்குவது ஆல்-இன்னுக்கு மட்டும். பின்னால் இன்னொரு பெட் வரும் என்றால் அடுத்த சீட்டை இலவசமாகப் பார்க்க முடியாது.

ஐசிஎம்முக்கும் குறைகள் உண்டு. அடுத்த கையில் பிக் பிளைண்ட் உங்கள் மேல் வரப்போகிறது என்பது அதற்குத் தெரியாது, யார் கைதேர்ந்தவர் என்பதும் தெரியாது. இணையத்தில் கிடைக்கிற நாஷ் சமநிலை (யாரும் தன் ஆட்டத்தை மட்டும் மாற்றி லாபம் பார்க்க முடியாத நிலை) அட்டவணைகளுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது: எதிராளியும் அதே அட்டவணைப்படி ஆட வேண்டும். நம் பக்கத்து மேசைகளில் மடிக்க மனசு வராமல் கால் சொல்கிறவர்கள் அதிகம். அவர்களுக்கு எதிராக அட்டவணையின் கடைசி வரிசையில் இருக்கும் கிங்-ஐந்து, ஜாக்-ஏழு மாதிரிக் கைகளை வெட்டிவிட்டு, ஜோடியையும் ஏஸையும் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. இறுக்கமாக ஆடுகிற மேசை என்றால் அதே கைகளைத் திரும்பச் சேர்க்கலாம்.

பழகுவதற்கு மேசை வேண்டாம். ஒரு நோட்டில் 3, 5, 8, 12, 20 பிளைண்ட் அடுக்குக்குச் சமநிலை மடிப்புச் சதவீதத்தை 30, 35, 40 சதவீதக் கைகளுக்குப் போட்டு வையுங்க, மொத்தம் பதினைந்து எண். அடுத்த பக்கத்தில் உங்கள் குழுவின் பரிசுப் பங்கீட்டை எழுதி, கடைசி நாலு பேர் நிலைமையில் நாலைந்து விதமான சிப்ஸ் அடுக்குக்கு ஐசிஎம் போடுங்க. ஆட்டத்துக்கு நடுவே நாலு பேருக்கு முழுக்கணக்குப் போட நேரம் கிடைக்காது. நோட்டில் போட்டது 65, 62, 75 என்று மனசில் தங்கிவிட்டால் மேசையில் அதையே எடுத்துக்கொள்ளலாம். பரிசுப் பங்கீடு மாறினால் இரண்டாவது பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் போடணும்.